மட்டை மெஷின் விஷயமாக

உடன்குடி,
ஆவணி மாதம்.

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. அம்மாவுக்குக் கால் வீக்கம் வற்றிவிட்டது. மண்புழு உரத்துக்கு மட்டை நறுக்கும் நம்ம பழைய மெஷினைத் தள்ளிவிட்டுப் பெரிதாக ஒன்று வாங்கப் பணம் அனுப்புகிறேன் என்றாய். போனில் நீ என்னைப் பேசவிடுவதில்லை, அதனால்தான் கடிதம். பணம் அனுப்பாதே. மெஷினுக்கு வயதாகிவிடவில்லை, அதைத் தின்பது நம்ம ஊர்க் காற்று. புதுசு வந்தாலும் இதே காற்றுதானே அடிக்கும்?

ஆனி, ஆடியில் தேரி மண் எப்படிப் பறக்கும் என்று உனக்குத் தெரியும். கிரீஸ் வைத்த இடத்தில் அது அப்பிக்கொண்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி பேரிங்கை அரித்துவிடுகிறது. வேலைக்கு வரும் பையன் கிரீஸை அள்ளி அப்புவான். இப்போது பழசை வழித்துத் துடைத்த பிறகுதான், அதுவும் அளவாக.

இன்னொன்று உப்பு. மெஷின் ஓடும்போது துரு பிடிப்பதில்லை, சும்மா கிடக்கும்போதுதான் பிடிக்கிறது. பதனீர்க் காலத்தில் காய்ந்த ஓலையும் மட்டையும் கருப்பட்டி காய்ச்சும் விடிலி அடுப்புக்குப் போய்விடும். நமக்கு வருவது மிச்சம்தான். (2023-இல் நம்ம கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து மட்டைக்கும் கிராக்கி பேசுகிறார்கள்!) மெஷின் சும்மா கிடக்கும் அந்த மாதங்களில் பிளேடுகளைக் கழற்றி எண்ணெய் தடவிச் சாக்கில் சுற்றி வைக்கிறேன். சாணை பிடிக்கும்போது எல்லாவற்றையும் ஒரே அளவு தேய்க்க வேண்டும். ஒன்று எடை குறைந்தாலும் மெஷின் ஆட்டம் போடும், போல்ட்டெல்லாம் லூசாகும். தென்னை மட்டையைவிடப் பனை மட்டைதான் தொல்லை. நார் ஷாஃப்டில் சுற்றிக்கொண்டு இறுகும். தினமும் வேலை முடிந்ததும், பீஸைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, நானே அறுத்து எடுக்கிறேன். அதை யாரிடமும் விடுவதில்லை.

சல்லடையில் ஈரமான மண்புழு உரத்தை ராத்திரி விடக்கூடாது, கம்பி அரித்துப்போகும். கழுவக் கிணற்றுத் தண்ணீரும் ஆகாது. சடையநேரிக் கால்வாயில் தாமிரபரணித் தண்ணீர் வந்தால் கொஞ்சம் தேவலை, மற்ற நாளில் உப்பு. மழைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வைத்திருக்கிறேன், புழுவுக்கும் அதுதான்.

2023 டிசம்பர் வெள்ளம் நினைவிருக்கும், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே. அதற்குப் பிறகு மோட்டாரை இடுப்பளவு திண்டில் ஏற்றிவிட்டேன். மூன்று பேஸில் ஒன்று போனால் தானே நின்றுவிடும் பிரிவென்டரும் மாட்டியாயிற்று. முன்பெல்லாம் முனகிக்கொண்டே காயில் கருகிவிடும்.

அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் ஷெட்டுக்கு மேற்கே ஒரு சுவருக்கு அனுப்பு. ஏழடி உயரம் போதும். மண் வருவது அந்தப் பக்கமிருந்துதான். கொத்தனார் புரட்டாசியில் ஒழிவாக இருப்பாராம்; ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிடலாம். யோசித்துப் பதில் போடு.

அன்புடன்,
அக்கா