ஓர் உதையும் முப்பத்தெட்டு வாரங்களும்

மனிதனை எதைக் கொண்டு மதிப்பிடுவது? பள்ளிக்கூடங்களில் ஆண்டுதோறும் எழுகின்ற கேள்வி இது. பத்து மாதம் ஒழுங்காகப் பயின்ற மாணவன் தேர்வு மண்டபத்தில் ஒரு நாள் தடுமாறிவிட்டால், உலகம் அந்த ஒரு நாளையே பிடித்துக்கொள்கிறது. பத்து மாத உழைப்பை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. இவ்வழக்கம் தேர்வுக்கு மட்டும் உரியதன்று. போர்க்களத்திலும் அரசியல் மேடையிலும் விளையாட்டுத் திடலிலும் இதே கதைதான். ஸ்பெயின் நாட்டு முதற்பிரிவுக் காற்பந்து லீக்கின் 1993-94ஆம் ஆண்டுப் பருவம் இதற்கு ஒரு தெளிவான சான்று. அதன் வரலாற்றை முழுமையாகப் படிப்போர், மனிதரை எடைபோடும் தங்கள் தராசையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வர்.

ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் கலீசியா என்னும் மாநிலம் உள்ளது. அட்லாண்டிக் பெருங்கடலின் காற்றும் மழையும் ஓயாத பகுதி அது. பிழைப்பை நாடி அர்ஜென்டினாவுக்கும் கியூபாவுக்கும் கப்பலேறிய மக்கள் அங்கே ஏராளம். அம்மாநிலத்தின் துறைமுக நகரங்களுள் ஒன்று லா கொருன்யா. ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பேர் வாழும் அந்நகரில், உரோமானியர் கட்டிய கலங்கரை விளக்கம் ஒன்று இன்றும் கடலைப் பார்த்து நிற்கிறது. அந்நகரின் காற்பந்துக் குழுவே டெபோர்டிவோ. 1906ஆம் ஆண்டில் தோன்றிய அக்குழுவின் திடலான ரியாசோர், கடற்கரைக்கு மிக அருகில் அமைந்தது.

ஸ்பானிய லீக் என்றாலே மட்ரிட் நகரமும் பார்சலோனா நகரமுமே நினைவுக்கு வரும். டெபோர்டிவோவோ 1973இல் முதற்பிரிவிலிருந்து இறங்கிய குழு. மீண்டும் அங்கே ஏறுவதற்குப் பதினெட்டு ஆண்டுகள் காத்திருந்தது. 1991இல் முதற்பிரிவுக்குத் திரும்பி, அடுத்த ஆண்டு தட்டுத் தடுமாறித்தான் தன் இடத்தைக் காத்துக்கொண்டது. அதன் பின்னர், பிரேசில் நாட்டிலிருந்து பெபெட்டோவும் மௌரோ சில்வாவும் வந்து சேர்ந்தனர். நகரின் அருகிலுள்ள அர்தெய்ஷோவில் பிறந்த அர்செனியோ இக்லேசியாஸ் என்ற முதியவர் பயிற்றுநராக வழிநடத்தினார். ஆரவாரம் அறியாதவர், எதையும் அடக்கிப் பேசும் இயல்பினர். அவருடைய பொறுப்பில் 1992-93ஆம் ஆண்டில் டெபோர்டிவோ மூன்றாம் இடத்தைப் பெற்றது. அடுத்த பருவத்தில் முதலிடத்தையே எட்டிப் பிடிக்க முனைந்தது.

லீக் என்பது ஒரே நாளில் முடிந்துவிடும் போட்டியன்று. இருபது குழுக்கள், ஒவ்வொன்றும் மற்றொவ்வொன்றோடும் இருமுறை மோத வேண்டும், ஆக 38 ஆட்டங்கள். அக்காலத்தில் வெற்றிக்கு இரண்டு புள்ளிகள், சமநிலைக்கு ஒரு புள்ளி. செப்டம்பரில் தொடங்கி மே மாதம் வரை, வெயிலிலும் மழையிலும் சிறுகச் சிறுகச் சேர்க்கும் சேமிப்பு அது. முதல் வாரத்தில் பெற்ற புள்ளிக்கும் இறுதி வாரத்தில் பெற்ற புள்ளிக்கும் ஒரே மதிப்புத்தான்.

அர்செனியோவின் குழு அந்தச் சேமிப்பைத் தற்காப்பின்மீது கட்டியது. 38 ஆட்டங்களில் அக்குழு விட்டுக்கொடுத்த கோல்கள் 18 மட்டுமே. இரண்டு ஆட்டங்களுக்கு ஒரு கோல்கூடப் புகவில்லை என்பது இதன் பொருள். கோல் காவலர் லியான்யோவுக்கு இதனால் பெரும் புகழ் கிட்டியது. ஆயினும் காவலருக்கு முன்னே அரண்போல் நின்றவர்களின் பங்கு அதில் பெரிது. அவர்களுள் ஒருவர் மிரோஸ்லாவ் ஜூகிச். யுகோஸ்லாவியாவிலிருந்து 1990இல் வந்தவர். குழு இரண்டாம் பிரிவில் இருந்த காலந்தொட்டு அதனோடு உழைத்தவர். பந்தைப் பதற்றமின்றிக் கையாளும் தற்காப்பு ஆட்டக்காரர்.

எதிரே நின்ற பார்சலோனாவின் ஆட்டமுறை இதற்கு நேர்மாறானது. ஹாலந்து நாட்டுக் குரோய்ஃப் பயிற்றுவித்த அக்குழு, அதற்கு முந்திய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து வெற்றிக் கிண்ணத்தை ஏந்தியிருந்தது. அந்தப் பருவத்தில் அதன் ரொமாரியோ மட்டும் 30 கோல்கள் அடித்தார். 1994 ஜனவரியில் ரியல் மட்ரிட் குழுவை ஐந்து கோல்களால் வீழ்த்திய அதே பார்சலோனா, பிப்ரவரியில் சரகோசாவிடம் ஆறு கோல்கள் வாங்கித் தோற்றது. ஏற்றமும் இறக்கமும் அதன் இயல்பு. ஆனால் அந்தத் தோல்விக்குப் பின் அது விழித்துக்கொண்டது. வாரந்தோறும் இடைவெளி குறைந்தது. இறுதி வாரம் வந்தபோது டெபோர்டிவோ 55 புள்ளிகளுடனும் பார்சலோனா 54 புள்ளிகளுடனும் நின்றன.

1994ஆம் ஆண்டு மே மாதம் 14ஆம் நாள். டெபோர்டிவோ தன் சொந்தத் திடலில் வலென்சியாவை எதிர்கொண்டது. வென்றால் கிண்ணம் உறுதி. எண்பத்தெட்டு ஆண்டுக் காலக் குழு ஒருமுறைகூட அடையாத பெருமை அது. பார்சலோனா தன் திடலில் செவிய்யாவை 5-2 என வென்றுகொண்டிருந்தது. ரியாசோரிலோ நேரம் ஓடியதே தவிரக் கோல் விழவில்லை. ஆட்டம் முடியும் தறுவாயில் டெபோர்டிவோவுக்குப் பினால்டி உதை கிடைத்தது. பதினொரு மீட்டர் தொலைவு. எதிரே காவலர் ஒருவர் மட்டும். உள்ளே சென்றால் அந்நகருக்கு ஒரு திருவிழா; செல்லாவிட்டால் எல்லாம் போயிற்று.

யார் உதைப்பது? வழக்கமாக அப்பணியைச் செய்யும் டொனாட்டோ, அதற்கு முன்பே மாற்றப்பட்டு வெளியே அமர்ந்திருந்தார். புகழ்பெற்ற பெபெட்டோ முன்வரவில்லை. அந்நிலையில் பந்தை எடுத்து வைத்தவர் ஜூகிச். கோல் அடிப்பது அவருடைய தொழிலன்று. கோல் விழாமல் காப்பதே அவருடைய தொழில். ஆயினும் அவர் முன்வந்தார். அவர் உதைத்த பந்தில் வேகம் இல்லை. வலென்சியாவின் காவலர் கோன்சாலஸ் அதைத் தடுத்துப் பற்றிக்கொண்டார். ஆட்டம் கோலின்றி முடிந்தது. இரு குழுக்களும் 56 புள்ளிகளில் சமமாக நின்றன. அவை தங்களுக்குள் மோதிய இரண்டு ஆட்டங்களில், ஒன்றில் டெபோர்டிவோ 1-0 எனவும், மற்றொன்றில் பார்சலோனா 3-0 எனவும் வென்றிருந்தன. அந்தக் கணக்கின்படி கிண்ணம் பார்சலோனாவுக்குச் சென்றது.

அன்று முதல் அந்தப் பருவத்தைப் பற்றி எழுதியவர்களும் பேசியவர்களும் பெரும்பாலும் அந்த ஓர் உதையைப் பற்றியே எழுதினர், பேசினர். “ஜூகிச் தவறவிட்டார், டெபோர்டிவோ தோற்றது” என்பதே கதையாகிவிட்டது. அது முழு உண்மையா?

கணக்கு நோட்டைத் திறந்து பார்த்தால் விடை வேறாக இருக்கிறது. டெபோர்டிவோ 22 ஆட்டங்களில் வென்றது, 12 ஆட்டங்களைச் சமன் செய்தது, நான்கில் தோற்றது. அந்தப் பன்னிரண்டு சமநிலைகளும் பன்னிரண்டு புள்ளிகளின் இழப்பாகும். அவற்றுள் கடைசி ஒன்றை மட்டுமே உலகம் நினைவில் வைத்துள்ளது. முந்திய பதினொன்றில் ஏதேனும் ஒன்றை வென்றிருந்தாலும் டெபோர்டிவோ 57 புள்ளிகளோடு கிண்ணத்தைப் பெற்றிருக்கும். ஏதோ ஒரு வாரத்தில் தாக்குதல் ஆட்டக்காரர் ஒருவர் வெற்றுக் கோலுக்கு வெளியே அடித்த பந்தும், எவரோ கவனக் குறைவால் இழந்த பந்தும் அந்த உதைக்குச் சமமானவையே. அவை மறக்கப்பட்டன. பார்சலோனா 91 கோல்கள் அடித்தபோது டெபோர்டிவோ 54 கோல்களே அடித்தது. குறை இருந்த இடம் தாக்குதல். பழி சென்று சேர்ந்த இடமோ தற்காப்பு. பருவம் முழுவதும் அரணாக நின்று, குழுவை இறுதி நிமிடம் வரை கிண்ணத்தின் அருகே கொண்டுவந்து நிறுத்தியவர் தலையிலேயே அப்பழி விழுந்தது.

மற்றுமோர் உண்மையையும் இங்கே எண்ணிப் பார்த்தல் வேண்டும். உதைக்காதவர் எவரும் தவறவிடுவதில்லை. பின்னே நின்றவர்கள் பழியிலிருந்து தப்பினர். முன்னே வந்தவர் சிக்கினார். வகுப்பறையில் கையுயர்த்தி விடை சொல்லும் மாணவன்தான் தவறாகவும் சொல்ல நேரும். வாயே திறவாதவன் ஒருநாளும் தவறு செய்வதில்லை. தவறிய விடைக்குச் சிரிப்பொலி எழுமானால், மறுநாள் அவ்வகுப்பில் கைகள் உயரா.

தோற்றவரைப் போற்றும் மரபு தமிழுக்குப் புதிதன்று. வெண்ணிப் போரில் கரிகாலன் வென்றான். முதுகில் புண்பட்ட சேர மன்னன் நாணி வடக்கிருந்தான். வென்ற வேந்தனைப் பாடிய வெண்ணிக் குயத்தியார், அவனை நோக்கியே, நின்னினும் அந்தத் தோற்றவன் நல்லவன் அல்லனோ என்று கேட்டதைப் புறநானூறு காட்டுகிறது. வெற்றியைக் கண்டு மயங்காமல் மனிதனைக் கண்ட புலமை அது. ஆயினும் சேரனின் வழியினும் ஜூகிச்சின் வழி இன்றைய மாணவர்க்கு ஏற்புடையது. நாணத்தால் வடக்கிருக்காமல், அடுத்த பருவத்தில் அதே திடலுக்கு, அதே மக்களின் முன்னே அவர் மீண்டும் வந்து நின்றார்.

வெற்றியின் நிலையும் சிந்திக்கத் தக்கது. கிண்ணம் ஏந்திய பார்சலோனா, அதன் பின் நான்கே நாளில், மே 18ஆம் நாள், ஏதென்ஸ் நகரில் நடந்த ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்தில் மிலான் குழுவிடம் 4-0 எனப் படுதோல்வி கண்டது. ஒரு கிழமைக்குள் உச்சியும் பள்ளமும். அந்த ஓராட்டத்தை வைத்துக் குரோய்ஃபின் ஆறாண்டுப் பணியை அளப்பது எத்துணைப் பிழையோ, அத்துணைப் பிழைதான் ஓர் உதையை வைத்து ஜூகிச்சை அளப்பதும்.

டெபோர்டிவோ ஓய்ந்துவிடவில்லை. 1994-95ஆம் ஆண்டு லீக்கில் மீண்டும் இரண்டாம் இடம். அவ்வாண்டு ஜூன் 24ஆம் நாள் அரசர் கிண்ண இறுதியாட்டம் மட்ரிட்டில் நடைபெற்றது. எதிரே நின்றது அதே வலென்சியா. ஆட்டம் 1-1 என இருந்தபோது பெருமழை கொட்டித் திடல் குளமாயிற்று. எஞ்சிய நிமிடங்கள் மூன்று நாள் கழித்து ஆடப்பட்டன. அந்தச் சில நிமிடங்களில் ஆல்பிரெடோ தலையால் முட்டிய பந்து கோலாயிற்று. குழுவின் வரலாற்றில் முதற்பெருங் கிண்ணம் அதுவே. முதியவர் அர்செனியோ அந்த வெற்றியோடு விடைபெற்றார்.

லீக் கிண்ணம் 1999-2000ஆம் பருவத்தில் வந்தது. இக்லேசியாசின் இடத்தில் அப்போது இருந்தவர் இருரேத்தா. 2000ஆம் ஆண்டு மே 19ஆம் நாள், பழைய துயரம் நிகழ்ந்து ஆறாண்டும் ஐந்து நாளும் கழித்து, அதே ரியாசோரில், எஸ்பான்யோல் குழுவை டெபோர்டிவோ 2-0 என வென்றது. 69 புள்ளிகளுடன் லீக் வெற்றியாளர் ஆயிற்று. 1929இல் தொடங்கிய அந்த லீக்கை வென்ற ஒன்பதாவது குழு அது. முதல் கோலை ஆட்டம் தொடங்கிய மூன்றாம் நிமிடத்தில் அடித்தவர் டொனாட்டோ. 1994இல் வெளியே அமர்ந்து அந்த உதையைப் பார்த்தவர். இப்போது அவருக்கு வயது முப்பத்தேழு. காத்திருந்த கால்களுக்கும் காலம் ஒரு வாய்ப்பு வைத்திருந்தது.

ஜூகிச் அந்தக் கொண்டாட்டத்தில் இல்லை. 1997இல் அவர் வேறு குழுவுக்குச் சென்றிருந்தார். அக்குழுவின் பெயர் வலென்சியா! எந்தக் குழுவின் காவலர் அவருடைய உதையைத் தடுத்தாரோ, அந்தக் குழுவின் தற்காப்பில் அவர் தூணாக நின்றார். 2000ஆம் ஆண்டில் அக்குழுவோடு ஐரோப்பிய இறுதியாட்டம் வரை சென்றார். 2001-02ஆம் பருவத்தில் வலென்சியா ஸ்பானிய லீக்கை வென்றபோது அவரும் வெற்றியாளர்களுள் ஒருவர். அப்போது அவருக்கு வயது முப்பத்தாறு. பின்னர்ப் பயிற்றுநராகி, 2013இல் அதே வலென்சியாவின் பொறுப்பையும் ஏற்றார். ஓர் உதையோடு முடிந்துவிட்டது என்று ஊரார் எண்ணிய வாழ்வு, அதற்குப் பின்னர் எத்துணை நீளம் நடந்திருக்கிறது!

டெபோர்டிவோவின் பின்வரலாறும் ஏற்ற இறக்கம் நிறைந்ததே. 2011இல் முதற்பிரிவிலிருந்து இறங்கியது. மீண்டும் ஏறி மீண்டும் இறங்கி, 2020இல் மூன்றாம் நிலைக்கே தள்ளப்பட்டது. 2024இல் இரண்டாம் பிரிவுக்கு எழுந்து வந்தது. கலங்கரை விளக்கம் நிற்கும் அந்த ஊரின் மக்கள் அந்த ஆண்டுகளிலும் ரியாசோரை வெறுமையாக விட்டுவிடவில்லை.

இவ்வரலாற்றில் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் பாடம் உண்டு. தேர்வும் வேண்டும்; தேர்ச்சியும் வேண்டும்; அவற்றை எள்ளி நகையாடுவதால் பயனில்லை. லீக் கிண்ணம் 56 புள்ளியோடு நின்ற ஒரு குழுவுக்குத்தான் சென்றது, மற்றதற்குச் செல்லவில்லை. முடிவை ஏற்றுக்கொள்வது நேர்மை. ஆனால் முடிவைப் பெயர்த்தெடுத்து ஒரே மனிதனின் நெற்றியில் ஒட்டுவது நேர்மையாகாது. மதிப்பெண் அட்டையில் சிவப்பு மையால் ஒன்றை எழுதும் கை, அதற்கு முந்திய பக்கங்களையும் ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும். தடுமாறிய மாணவனிடம் “ஏன் தவறவிட்டாய்?” என்று கேட்கும் முன், “நீ முன்வந்தாயே!” என்று ஒரு சொல் சொல்லப்படட்டும். அடுத்த பருவத்துக்கு அவன் திரும்பி வர அந்த ஒரு சொல் போதும்.