விதை நெல்லும் உப்புத் தண்ணியும்

விதை நெல் தேர்வு பண்ண எங்க காட்டூர் பக்கம் பழைய முறை ஒண்ணு உண்டு. வாளித் தண்ணியில ஒரு கோழிமுட்டையைப் போட்டு, அது மேல வந்து நாலணா அகலத்துக்குத் தெரியற வரைக்கும் உப்பைக் கரைக்கணும். அப்புறம் விதையைக் கொட்டினா பதர் மிதக்கும், பொக்கு மிதக்கும். அடியில தங்கினது விதை. அதை நல்ல தண்ணியில ரெண்டு மூணு தடவை அலசிடணும், இல்லேன்னா உப்பே முளைப்பைக் கெடுத்துடும்.

இதை ஏன் சொல்றேன்னா, என் தங்கச்சி மகனுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் ஆச்சு, குழந்தை இல்லை. ஆறு வருஷமும் கோயில், கயிறு, கஷாயம் எல்லாம் அந்தப் பொண்ணுக்குத்தான். பையனைப் பரிசோதிக்கணும்னு ஒருத்தரும் சொல்லலை. குழந்தை இல்லாத தம்பதிகள்ல ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கமும் காரணம் இருக்குமாம். போன வருஷம் அவனே போய்ப் பார்த்துக்கிட்டான். உயிரணு ரொம்பக் கம்மி. அம்மாகிட்ட சொல்லாம என்கிட்டதான் முதல்ல சொன்னான். பேர் போடாம எழுதுங்க மாமான்னு அவன் சொன்னதாலதான் எழுதுறேன்.

ஆஸ்பத்திரியில அவங்களுக்கு விளக்கினதைக் கேட்டு எனக்கு ஆச்சரியம். குழாய்க்குள்ள அடர்த்தி வேற வேறயா ரெண்டு திரவம் ஊத்தி, மேல விந்தை விட்டுச் சுத்துவாங்களாம். நல்ல உயிரணு அடியில இறங்கும், செத்ததும் குப்பையும் மேல தங்கும். நம்ம உப்புத் தண்ணியேதான்! இன்னொரு முறையில நல்லது தானா மேல நீந்தி வரும். எங்க சான்று விதை நெல்லு நூத்துக்கு 80 முளைச்சாகணும். விந்துல நூத்துக்கு 4 சரியான வடிவத்துல இருந்தாலே போதும்னு உலக சுகாதார நிறுவனத்துக் கணக்கு.

அவனுக்குச் சொல்லியிருக்கிறது இக்ஸி. 1992-ல பெல்ஜியத்துல இந்த முறையில உண்டான கர்ப்பங்களைப் பத்தி முதல்ல எழுதினாங்க. ஒரே ஒரு உயிரணுவைக் கண்ணாடி ஊசியில எடுத்துக் கருமுட்டைக்குள்ள செலுத்துறது. அந்த ஒண்ணைத் தேர்ந்தெடுக்கிறதுலதான் இப்போ வியாபாரம். ஆறாயிரம் மடங்கு பெரிசாக்கிப் பார்க்கிறது இம்ஸி. ஹயலுரோனான் தடவின தட்டுல ஒட்டுற முதிர்ந்த உயிரணுவை எடுக்கிறது பிக்ஸி. சாகப்போறதைக் காந்தத்தால பிரிக்கிறது மாக்ஸ். ஒவ்வொண்ணுக்கும் தனி பில்லு.

"மாமா, உய்யக்கொண்டான் வாய்க்கா ஓரத்துல என் பங்கு பத்து சென்ட்டை வித்துடட்டுமா?"ன்னு கேட்டான். காட்டூர்ல பிளாட்டுக்கு ஆள் வரிசையில நிக்குது, ஒரே நாள்ல வித்துடலாம். அவன் பொண்டாட்டிதான் நெட்டுல தேடிப் படிச்சா. இங்கிலாந்து பக்கம் 2772 ஜோடிகளை வச்சு பிக்ஸியைச் சோதிச்சு 2019-ல லான்செட்டுல போட்டிருக்காங்க. பிக்ஸியோட 100-க்கு 27.4 பேருக்குக் குழந்தை, சாதா இக்ஸியில 25.2. இதைப் பெரிய வித்தியாசம்னு எடுத்துக்க முடியாதுன்னு அவங்களே முடிவு சொல்லியாச்சு. கருச்சிதைவு மட்டும் 7-லேர்ந்து 4.3-ஆ குறைஞ்சிருந்தது. அடிக்கடி கரு கலையறவங்க டாக்டர்கிட்ட கேட்டுப் பார்க்கலாம். இவங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

இக்ஸி அவனுக்கு அவசியம், செஞ்சுக்கட்டும். மத்ததுக்கெல்லாம் நிலத்தை விக்காதேன்னு சொல்லிட்டேன். வயசு 31 ஆகுது அவளுக்கு. முட்டையோட வயசுதான் இதுல பெரிய கணக்கு, காலம் கடத்தாதீங்கன்னும் சொன்னேன்.

விஷயம் தெரிஞ்சதும் என் தங்கச்சி, "மாட்டுக்குக் கிடேரி கன்னுக்குன்னே ஊசி போடுறாங்களே, அப்படி ஆம்பளப் புள்ளையாப் பார்த்து எடுக்கச் சொல்லலாமா?"ன்னா. மனுஷங்களுக்கு அது குற்றம்மா, 1994 சட்டத்தை 2003-ல திருத்தி, கருவுக்கு முன்னாடி பிரிக்கிறதையும் தடுத்துட்டாங்கன்னேன். மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா.

ஐப்பசியில ஆரம்பிக்கிறாங்க. ஒரு உயிரணு உருவாகவே எழுபது நாளுக்கு மேல ஆகுமாம், குறுவைப் பயிர் மாதிரிதான் கிட்டத்தட்ட. அதனால ஆடியிலேயே சிகரெட்டை நிறுத்தச் சொல்லிட்டாங்க. பாக்கெட்டை என்கிட்ட கொடுத்துட்டுப் போயிருக்கான்.