அண்ணன் பெயர் இல்லாத தாள்

2018 அக்டோபர் கடைசி வாரத்தில் எங்கள் பங்கில் வழக்கம்போல வீடு வீடாக ஒரு தாள் வந்தது. நவம்பர் மாதம் மரித்த விசுவாசிகளுக்கான மாதம். பூசையில் நினைவுகூர வேண்டியவர்களின் பெயரை அந்தத் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். தாத்தா, பாட்டி, அப்பா, பிறந்த மூன்றாம் நாளில் போன தங்கச்சி. அந்த வருடம் நான்காவது பெயருக்குப் பிறகு அம்மா பேசவில்லை. நான் பேனாவை எடுக்காமல் காத்திருந்தேன். தாளில் மை ஒரு புள்ளியாக ஊறிக்கொண்டிருந்தது.

"மடக்கி வை மக்களே," என்றாள். "கடல்ல நிக்குதவன செத்தவங்க கூட சேத்து எழுதப்பிடாது."

அண்ணன் கடலுக்குப் போய் அப்போது பதினொரு மாதம் தாண்டியிருந்தது.

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், நீரோடியிலிருந்து இரயுமன்துறை வரை அடுத்தடுத்து எட்டு மீனவ ஊர்கள் இருக்கின்றன. எங்களுடையது அவற்றில் ஒன்று. இங்குள்ள ஆண்களில் பலர் கரையோரத்தில் மீன் பிடிப்பவர்கள் அல்லர். கொச்சியிலிருந்து விசைப்படகில் கிளம்பினால் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்குவார்கள். தூண்டில் போட்டுச் சுறா பிடிப்பதில் இந்த ஊர்க்காரர்களுக்குத் தனிப் பேர் உண்டு. அந்த நாள்களில் வீட்டோடு பேச வழி கிடையாது. கரையை நெருங்கும்போது சிக்னல் கிடைத்து, "வந்தாச்சு" என்று ஒரு சொல் வரும். 2017 நவம்பர் நடுவில் கிளம்பும்போது, கிறிஸ்துமஸுக்கு முன்னால் வந்துவிடுவேன், குடிலுக்கு நட்சத்திரம் நானே கட்டுவேன் என்று மகளிடம் சொல்லிவிட்டுத்தான் அண்ணன் போனான்.

நவம்பர் 29 ராத்திரியே காற்று மாறிவிட்டது. மறுநாள் வியாழக்கிழமை. இலங்கைக்குத் தெற்கே கிடந்த தாழ்வு மண்டலம் ஒரே நாளில் புயலாகி, ஒக்கி என்ற பெயரோடு குமரிக் கடலைக் கடந்து போனது. கரையில் வாழையும் ரப்பரும் தென்னையும் முறிந்து விழுந்ததைத்தான் வெளியூர்க்காரர்கள் படத்தில் பார்த்தார்கள். எங்களுக்கு மரங்களைப் பார்க்கக் கண் இல்லை. எச்சரிக்கை வந்து சேர்ந்தபோது எங்கள் படகுகள் கரையின் வயர்லெஸ் எட்டாத தூரத்தில் இருந்தன. புயல் அங்கிருந்து லட்சத்தீவுப் பக்கம் போனது. எங்கள் ஆள்கள் இருந்ததும் அந்தப் பக்கம்தான்.

கரண்ட் இல்லாத அந்த ராத்திரிகளில் ஊர் முழுக்கக் கோயிலில்தான் கிடந்தது. மெழுகுதிரி வெளிச்சத்தில் ஜெபமாலை ஓயாமல் ஓடியது. ஒரு வரிசைக்குத் தொண்டை கட்டினால் அடுத்த வரிசை எடுத்துக்கொள்ளும். அண்ணன் மனைவி, என் மைனி, கைக்குழந்தையோடு முழங்காலிலேயே இருந்தாள். நான் கேட்டது ஒன்றே ஒன்று: அவனைக் கொண்டு வாரும். அதற்கு அழகான வார்த்தை எதுவும் சேர்க்கத் தோன்றவில்லை.

டிசம்பர் 3 ஞாயிற்றுக்கிழமை. திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. வீட்டுத் தலைவர் எப்போது திரும்புவார் என்று தெரியாது, ஆகவே தூங்காமல் இருங்கள் என்று இயேசு சொல்கிற பகுதிதான் அன்றைய நற்செய்தி. அதைக் கேட்டதும் கோயிலில் எழுந்த அழுகையை இன்றும் என்னால் எழுத்தில் கொண்டுவர முடியவில்லை. நாங்கள் தூங்கியே நாலு நாள் ஆகியிருந்தது.

அதே தேதிதான் புனித சவேரியாரின் திருநாள். 1544இல் இந்தக் கரை நெடுக நடந்து எங்கள் முன்னோருக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் அவர். கோட்டாற்றில் அவர் கோயில் திருவிழாவுக்குச் சின்ன வயதிலிருந்தே போயிருக்கிறேன். அவர் எப்படி இறந்தார் என்பது ஞானோபதேச வகுப்பில் மனப்பாடமாகப் படித்தது: 1552, சீனக் கரைக்கு எதிரே ஒரு தீவு, காய்ச்சல். சீனாவுக்குள் ஏற்றிப் போவதாக ஒத்துக்கொண்டவனின் படகுக்காக அவர் அங்கே காத்திருந்தார். படகு வரவில்லை. பாதிரியாராகிப் பத்து வருடத்துக்கு மேல் கடல் கடலாகச் சுற்றிய மனிதர், கரையைப் பார்த்துக்கொண்டு, வராத ஒரு படகுக்காகக் காத்துக் கிடந்து செத்தார். முப்பது வருடம் அவர் சுரூபத்துக்கு மாலை போட்ட எனக்கு அந்தப் படகு அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. அன்று அது ஆறுதலாக இல்லை. கோபமாகத்தான் இருந்தது. உமக்கே வரவில்லையென்றால் எங்களுக்காக நீர் யாரிடம் போய்க் கேட்பீர் என்று சுரூபத்தைப் பார்த்துக் கேட்டேன்.

ஆள்கள் வரத் தொடங்கினார்கள். லட்சத்தீவில் ஒதுங்கிய படகுகள், மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் கரை சேர்ந்தவை என்று ஒவ்வொன்றாகச் செய்தி வந்தது. பக்கத்து வீட்டு அண்ணன் கவிழ்ந்த படகிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கேனைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் மிதந்தவர். ஒரு கப்பல் தூக்கியது. தோல் உரிந்து, பேச்சில்லாமல் வந்து இறங்கினார். அவர் மனைவி எனக்கு முன்வரிசையில் முழங்காலில் இருந்தவள். அதே ஜெபமாலை, அதே ராத்திரி, அதே வார்த்தைகள். அவளுக்குக் கிடைத்தது, எங்களுக்குக் கிடைக்கவில்லை. கடவுள் இல்லை என்று நினைத்திருந்தால்கூட எளிதாக இருந்திருக்கும். அவர் கேட்டிருக்கிறார், பக்கத்து வீடுவரை வந்திருக்கிறார், எங்கள் வாசலில் ஏறவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது.

டிசம்பர் 7 அன்று எட்டு ஊரும் திரண்டு குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தது. தேடுங்கள் என்று கேட்கத்தான் போனோம். நானும் மைனியும் ஜல்லியில் உட்கார்ந்திருந்தோம். அங்கேயும் யாரோ ஜெபமாலையை ஆரம்பித்தார்கள். அரசாங்கத்திடம் கேட்பதும் ஆண்டவரிடம் கேட்பதும் அன்று ஒரே வாயிலிருந்து வந்தது, அதில் எனக்கு முரண் எதுவும் தெரியவில்லை. பிறகு கேரளத்து ஆஸ்பத்திரிகளில் அடையாளம் தெரியாத உடல்கள் இருக்கின்றன என்றார்கள். அம்மாவிடம் டி.என்.ஏ. சோதனைக்கு ரத்தம் எடுத்தார்கள். எதோடும் பொருந்தவில்லை. பொருந்தவில்லை என்றதும் எங்களுக்கு ஒரு நிமிடம் சந்தோஷம் வந்ததே, அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

ஆறுதல் சொல்ல வந்தவர்கள் பலர். எல்லாம் ஆண்டவருடைய சித்தம் என்றார்கள். விசுவாசத்தோடு கேட்டால் கிடைக்கும் என்றும் சிலர் சொன்னார்கள். விசுவாசம் குறைந்ததால்தான் பிள்ளை வரவில்லை என்று அம்மா அதை எடுத்துக்கொண்டாள். துக்க வீட்டில் இப்படிப் பேசுவது பாவம் என்றே நான் நினைக்கிறேன். அம்மா கோயிலுக்குப் போவதை நிறுத்தவில்லை. ஆனால் கர்த்தர் கற்பித்த செபத்தில், தந்தையின் சித்தம் நடக்கட்டும் என்று வருகிற இடத்தில் மட்டும் அவள் வாய் மூடிக்கொள்ளும். அடுத்த வரியில் திரும்பச் சேர்ந்துகொள்வாள். பக்கத்தில் நிற்கிற எனக்கு மட்டும்தான் அது தெரியும்.

பங்குச்சாமியார் ஒருநாள் வீட்டுக்கு வந்தார். விளக்கம் எதுவும் சொல்லவில்லை. திருப்பாடல் 88ஐ மட்டும் வாசித்தார். வேறு திருப்பாடல்களில் புலம்பல் கடைசியில் எப்படியாவது நம்பிக்கைக்குத் திரும்பிவிடும். இது இருட்டிலேயே முடிகிறது. "முடிஞ்சுதா சாமி?" என்று அம்மா கேட்டாள். "முடிஞ்சுது அம்மா. இவ்வளவுதான்," என்றார். "இதுவும் வேதத்துல உண்டா?" என்றாள். அன்று ராத்திரி என்னைத் திரும்ப இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள். எங்கள் வீட்டில் ஏதோ இளகியது என்றால் அது அந்த ராத்திரிதான். ஆண்டவரிடம் முறையிடவும் இடம் இருக்கிறது, அதற்காக அவர் நம்மைக் கோயிலைவிட்டு வெளியே தள்ளுவதில்லை என்று எங்களுக்குப் பட்டது. கெத்சமனியில் இயேசு ஒரே மன்றாட்டை மூன்று முறை கேட்டார், கிண்ணம் விலகவில்லை. அந்தப் பகுதியை அதன்பிறகு என்னால் வேறு மாதிரி வாசிக்க முடிந்தது. கேட்டும் கிடைக்காதவர்களின் வரிசையில் அவரும் எங்களோடு நின்றார்.

2018 பிப்ரவரியில் பக்கத்து வீட்டு அக்கா எங்கள் வாசலில் வந்து நின்றாள். நன்றிப் பூசை வைக்க வேண்டும் என்று நேர்ச்சை, எங்களை நினைத்து இரண்டு மாதமாகத் தள்ளிப்போட்டிருக்கிறாள். "எப்பிடி மாமி வைப்பேன்? ஒங்க மொகத்த எப்பிடிப் பாப்பேன்?" என்று அழுதாள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "வை மக்களே. ஒருத்தனாவது வந்தானே," என்றாள்.

அந்தப் பூசைக்கு அம்மா வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு முதல் வரிசையில் போய் நின்றாள். எனக்குப் போக மனமில்லை, அவளுக்காகப் போனேன். கர்த்தர் கற்பித்த செபம் வந்தது. நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இடத்திலும் அவள் நிறுத்தவில்லை. சத்தமாகச் சொன்னாள் என்று சொல்ல மாட்டேன், உதடு அசைந்தது. ஏன் அன்று, ஏன் அந்தப் பூசையில் என்று நான் கேட்டதில்லை. அன்றிலிருந்து அம்மா ராத்திரியில் தூங்கினாள்.

சட்டத்துக்கு இதெல்லாம் தெரியாது. காணாமல் போனவர் இறந்தவராகக் கருதப்பட ஏழு வருடம் ஆக வேண்டும் என்று இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு சொல்லியது. ஒக்கியில் காணாமல் போனவர்களுக்காக அரசு அந்தக் காத்திருப்பைத் தளர்த்தி, குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் என்று அறிவித்தது. மைனிக்கு இரண்டு பிள்ளைகள். கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு வந்து, அவரை நானே கொன்னுட்டேன் மாமி என்று அம்மா மடியில் விழுந்தாள். "அது சர்க்கார் தாளு மக்களே. பிள்ளைகளுக்குச் சோறு வேணும்லா," என்று அம்மா அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். ஆனால் கோயில் தாளில் எழுத அம்மாவுக்கே மனம் வரவில்லை. 2018 நவம்பரில் நான்கு பெயரோடும் ஒரு மைப் புள்ளியோடும் அதைக் கொடுத்தோம்.

மறுவருடமும் தாள் வந்தது. நான்கு பெயர் எழுதினேன். அம்மா பேனாவைத் தன்னிடம் தரச் சொன்னாள். மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக் கூட்டிக் கூட்டி அண்ணன் பெயரை அவளே எழுதினாள். நான் எதுவும் பேசவில்லை. பிறகு என் நோட்டிலிருந்து ஒரு காகிதம் கிழிக்கச் சொன்னாள். கடலில் இருப்பவர்களுக்காகச் சொல்லும் மன்றாட்டுக்குக் கோயிலில் ஒரு பெட்டி உண்டு, அதில் போட வேண்டுமாம். அதிலும் அவன் பெயரை எழுதினாள்.

"ரெண்டுலயும் எப்பிடிம்மா?" என்றேன்.

"ரெண்டுலயும் கெடக்கட்டு மக்களே. நமக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். அவன் எங்க நின்னாலும் அவரு கூட நிக்கட்டு."

எழுத்து தெளிவாக இருக்கிறதா என்று என்னிடம் காட்டினாள். இருக்கிறது என்றேன். இரண்டையும் முந்தானையில் முடிந்துகொண்டு, மாலைப் பூசைக்கு முதல் மணி அடிப்பதற்கு முன்பே கிளம்பிவிட்டாள்.