ஒமியாகே: ஒரு பயணக் கடனின் மூலத்தைத் தேடி

ஜப்பானில் குடும்பமாகச் சென்றுவரும் சுற்றுலா, ஏப்ரல் இறுதியில் தொடங்கி மே முதல் வாரம் வரை நீளும் ‘பொன் வாரம்’ எனப்படும் தொடர் விடுமுறையில் அமைந்தாலும், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹக்கோனே மலைக்கோ நிக்கோ கோயில்களுக்கோ போய்த் திரும்புவதாக இருந்தாலும், இரயில் நிலையத்துக் கடைவரிசையில் ஓர் இனிப்புப் பெட்டியை வாங்காமல் நிறைவடைவதில்லை. அப்பெட்டிக்குப் பெயர் ‘ஒமியாகே’. அதனை ‘நினைவுப் பொருள்’ என்று மொழிபெயர்ப்பது வழக்கமானாலும் அது பொருந்தாது. நினைவுப் பொருள் போய்வந்தவருக்கு உரியது, ஒமியாகேயோ போகாதவருக்கு உரியது. விடுப்பு எடுத்து மனைவி மக்களோடு சென்றவர், பணிக்குத் திரும்பும் நாளில் பெட்டியைப் பிரித்து, தாம் இல்லாத நாட்களில் தம் வேலையையும் சேர்த்துப் பார்த்த ஒவ்வொருவர் மேசையிலும் ஒரு துண்டை வைத்துச் செல்கிறார். ஆகவே அப்பொருளுக்குச் சில இலக்கணங்கள் தாமாகவே அமைந்துவிட்டன: மேலட்டையில் ஊர்ப்பெயர் துலங்க வேண்டும், துண்டுகள் தனித்தனி உறையில் இருக்க வேண்டும், எண்ணிக்கை தலைக்கணக்குக்குப் போதுமானதாக இருக்க வேண்டும். ஜப்பானில் குடியேறும் வெளிநாட்டுக் குடும்பங்கள் முதலாண்டிலேயே கற்றுக்கொண்டுவிடும் இவ்வழக்கம் எப்போது, எதன்பொருட்டுத் தோன்றியது என்பதே இங்குத் தேடப்படும் பொருள்.

தேடலைப் பெட்டியிலிருந்தே தொடங்குவதே முறை. ஆனால் பெட்டி நம்பத்தக்க சாட்சியாக இல்லை. தோக்கியோவின் அடையாளமாக விற்கப்படும் வாழைப்பழ வடிவ மென்கேக் 1991-இல் சந்தைக்கு வந்தது. ஹொக்கைதோவுக்குச் செல்லும் எந்தக் குடும்பமும் வாங்காமல் திரும்பாத ‘ஷிரோய் கொய்பிதோ’ எனும் வெள்ளைச் சாக்லேட் பிஸ்கட்டு 1976-இல் பிறந்தது. குஞ்சு வடிவிலான ‘ஹியோகோ’ என்னும் பணியாரத்தின் கதை இன்னும் வேடிக்கையானது. உள்ளே பயற்றுப் பூரணம் வைத்த அது, கியூஷூ தீவின் ஃபுகுஓகா மாகாணத்தில், நிலக்கரிச் சுரங்க நகரமான இயிசுகாவில் 1912-இல் உருவாகி, 1960களில் தலைநகருக்குக் குடிபெயர்ந்து, இன்று பலராலும் தோக்கியோவின் பொருளாகவே கருதப்படுகிறது. இதில் ஃபுகுஓகாக்காரர்களுக்கு மனக்குறை உண்டு. வேறு சில பெட்டிகளின் பின்புறத்தில் அச்சிட்டுள்ள சிறு எழுத்துகளைப் படித்தால், ஓர் ஊரின் பெயரைத் தாங்கிய இனிப்பு மற்றொரு மாகாணத்தில் செய்யப்பட்டிருப்பது தெரியவரும்.

பழமை கோரும் பெட்டிகளும் உண்டு. அரிசிமாவு, சர்க்கரை, இலவங்கப்பட்டை ஆகியவற்றால் செய்யப்படும் கியோத்தோவின் ‘யாட்சுஹாஷி’ அவற்றில் புகழ்பெற்றது. கோத்தோ எனும் தந்தியிசைக் கருவியின் பெருங்கலைஞரான யாட்சுஹாஷி கெங்கியோ 1685-இல் மறைந்தபின், அவர் நினைவாக அக்கருவியின் வளைந்த வடிவில் இது செய்யப்பட்டது என்பது ஒரு மரபு; பழைய இலக்கியத்தில் வரும் எட்டுப் பலகைப் பாலத்தின் பெயர் இது என்பது மற்றொன்று. இவ்வினிப்பைச் செய்யும் ஒரு நிறுவனம் 1689-ஆம் ஆண்டைத் தன் தொடக்க ஆண்டாக அறிவித்துக்கொள்ள, அதற்கு ஆதாரமில்லை என்று மற்றொரு நிறுவனம் 2018-இல் வழக்குத் தொடுத்தது; கியோத்தோ மாவட்ட நீதிமன்றம் 2020-இல் அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தது. அத்தனை பழைய தொடக்க ஆண்டைக் காட்டுவது வாங்குவோரின் தேர்வை மாற்றிவிடும் என்று கொள்வதற்கில்லை என்பது நீதிமன்றத்தின் கருத்துகளுள் ஒன்று. வரலாற்றைத் தேடுவோருக்கு இத்தீர்ப்பில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. பெட்டியின் மேல் உள்ள ஆண்டு பெட்டியின் அலங்காரத்தில் ஒரு பகுதி. அதனை ஆவணமாகக் கொள்ளலாகாது.

பெட்டியை விட்டு இரயில்பாதைக்குத் திரும்பினால் தடம் சற்றுத் தெளிவாகிறது. ஜப்பானின் முதல் இரயில்பாதை 1872-இல் ஷிம்பாஷிக்கும் யோக்கோஹாமாவுக்கும் இடையே திறக்கப்பட்டது. 1889 ஜூலையில் ஷிம்பாஷியிலிருந்து கோபே வரையிலான பாதை முழுமை பெற்றபோது, நடந்தால் இரண்டு வாரத்துக்கு மேல் பிடிக்கும் தொலைவு ஏறத்தாழ இருபது மணி நேரமாகச் சுருங்கியது. உண்ணும் பண்டம் ஊருக்கு எடுத்துச் செல்லும் பொருளாக மாறியதற்கு இந்தச் சுருக்கமே காரணம் என்பது, ஒமியாகேயையும் இரயிலையும் இணைத்து ஆராய்ந்து 2013-இல் நூல் வெளியிட்ட சுசுகி யூயிச்சிரோவின் முடிபு. ‘மெய்புட்சு’ என்பது ஓர் ஊருக்குப் பெயர் வாங்கித் தந்த சிறப்புப் பொருள். மெய்புட்சு இனிப்புகள் இரயிலுக்கு முன்பும் இருந்தன, ஆனால் அவை வழியிலேயே உண்ணப்பட்டன. ஒட்டரிசியை இடித்துச் செய்யும் ‘மோச்சி’ ஓரிரு நாளில் இறுகிவிடும் அல்லது கெட்டுவிடும். பதினைந்து நாள் நடைக்கு அது தாங்காது.

ஓவியர் ஹிரோஷிகே 1833-ஐ ஒட்டி வெளியிட்ட தோகாய்தோ நெடுஞ்சாலை மர அச்சுப் படங்களிலும் இதற்குச் சான்று உண்டு. தோகாய்தோ என்பது, இன்றைய தோக்கியோவான எதோவையும் கியோத்தோவையும் இணைத்த, ஐம்பத்துமூன்று தங்கல் ஊர்களைக் கொண்ட கடலோரப் பெருவழி. அப்படவரிசையில் மரிக்கோ என்ற ஊரில் பயணிகள் மலைவள்ளிக் கிழங்கை அரைத்துச் செய்த கூழை அமர்ந்து உண்கிறார்கள். குசாட்சுவில் ‘உபகமோச்சி’ விற்ற தேநீர்க்கடை கூட்டமாக இருக்கிறது. பொட்டலம் கட்டும் இடங்களாக இவை காட்டப்படவில்லை. உட்கார்ந்து இளைப்பாறி வயிற்றை நிரப்பும் இடங்களாகவே இருக்கின்றன.

அப்படியானால் நடைப்பயணிகள் எதைச் சுமந்து வந்தார்கள்? இலேசானதை, கெடாததை, மடிக்கக்கூடியதை. கியோத்தோவை நெருங்கும் ஓட்சு ஊரில் விற்ற நாட்டார் ஓவியத்தாள்களும் ஊசிகளும், வழியூர்களின் மருந்துகளும் அத்தகையவை. நல்ல நெற்கதிரைக் கண்டு விதையாக எடுத்து வந்த உழவர்களும் உண்டு. ஆனால் இவை அனைத்துக்கும் மேலாக ஒரு பொருள், ஏறக்குறைய ஒவ்வொருவர் மூட்டையிலும் திரும்பி வந்தது. இசே ஆலயத்தின் ‘ஒஃபுதா’ அது. தெய்வத்தின் பெயர் பொறித்த, வீட்டு மாடத்தில் வைத்து வணங்கப்படும் காப்புச்சீட்டு.

இசே, கதிரவத் தெய்வமான அமத்தெராசுவுக்குரிய உள் ஆலயமும், உணவுத் தெய்வமான தொயோஉகேவுக்குரிய வெளி ஆலயமும் அமைந்த தலம்; கட்டடங்களை இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை முற்றிலும் புதிதாக எழுப்பும் மரபின்படி கடைசியாக 2013-இல் புதுப்பிக்கப்பட்டது. தோக்குகாவா ஆட்சியில் (1603–1868) உழவர்கள் நினைத்தபடி ஊர்விட்டு ஊர் செல்ல இயலாது. சோதனைச்சாவடிகளில் அனுமதிச்சீட்டுக் காட்ட வேண்டும். இச்சாவடிகள், எதோவுக்குள் நுழையும் துப்பாக்கிகளையும் அங்கிருந்து வெளியேறும் பெண்களையும் குறிப்பாகக் கண்காணித்தன. வெந்நீரூற்றில் குளித்து நோய் தீர்க்கவும், ஆலயங்களை வழிபடவும் மட்டும் அனுமதி எளிதில் கிடைத்தது. ஆகவே ஊர் சுற்றிப் பார்க்க விரும்பியவரும் வழிபாட்டின் பெயரையே சொன்னார்கள். இசேவை வணங்கிவிட்டு நாரா, கியோத்தோ, ஓசாகா என்று நீட்டிக்கொண்டார்கள். 1802-இல் வெளிவரத் தொடங்கிய நகைச்சுவைத் தொடரான ‘தோகாய்தோச்சூ ஹிசகுரிகே’யின் இரு நாயகர்களும் இசேவுக்குப் புறப்பட்டவர்களே, பக்தி அவர்களிடம் மிகுதியாக இருந்ததாகச் சொல்வதற்கில்லை.

வழிபாட்டுக்கு அனுமதி கிடைத்தாலும் செலவுக்குப் பணம் கிடைப்பது அரிது. இவ்விடத்தில்தான் ஒமியாகேயின் வேர் தென்படுகிறது. ஊரார் ஒன்றுகூடி ‘கோ’ எனும் கூட்டுச்சீட்டு அமைப்பை நடத்தினர். இசேவுக்கென அமைந்தது ‘இசே-கோ’. உறுப்பினர் அனைவரும் ஆண்டுதோறும் சிறுதொகை செலுத்த, திருவுளச்சீட்டில் பெயர் விழுந்த சிலர் மட்டும் அப்பணத்தில் எல்லோர் சார்பாகவும் புறப்பட்டனர். சார்பாளராகச் செய்யும் இவ்வழிபாட்டுக்குத் ‘தைசான்’ என்று பெயர். இசேயில் அவர்களைத் தம் பெருமனைகளில் தங்கவைத்து, விருந்தளித்து, சடங்குகளை நடத்தித் தந்தவர்கள் ‘ஒன்ஷி’ எனப்பட்ட வழிபாட்டு முகவர்கள். தோக்குகாவா ஆட்சியை அடுத்து வந்த மெய்ஜி அரசு 1871-இல் இம்முறையை ஒழிக்கும் வரை, நாடெங்கும் தத்தம் ஊர்களுக்கு ஆள் அனுப்பி ஒஃபுதாவையும், விதைப்புக் காலம் கணிக்க உதவும் இசே பஞ்சாங்கத்தையும் வழங்கி வந்தவர்களும் அவர்களே. புறப்படுவோருக்கு உற்றாரும் அயலாரும் வழிச்செலவுக்குக் கொடுத்த பணம் ‘சென்பெட்சு’. அவர்கள் திரும்பும்போது ஊரெல்லையில் காத்திருந்து வரவேற்று விருந்து வைக்கும் வழக்கமும் இருந்தது.

இந்த ஏற்பாட்டைக் கூர்ந்து நோக்கினால், போனவர் பிறருடைய பணத்தில், பிறருக்காகப் போனவர் என்பது விளங்கும். வெறுங்கையோடு திரும்புவது அவரைப் பொறுத்தவரை கஞ்சத்தனமாக மட்டும் கருதப்பட்டிருக்காது, ஒப்படைத்த வேலையை முடிக்காததாகவே ஆகியிருக்கும். தெய்வத்தின் அருள் சீட்டுக் கட்டிய எல்லாருக்கும் பங்கிடப்பட வேண்டியது, ஒஃபுதா அப்பங்கு. அதுவே, போனவர் உண்மையில் இசேயை அடைந்தார் என்பதற்குச் சான்றும் ஆயிற்று.

சான்று என்னும் தன்மை ‘நுகே-மாய்ரி’ என்னும் வழக்கத்தில் இன்னும் கூர்மையாகப் புலப்படுகிறது. பணியாட்கள், சிறுவர்கள், பெண்கள், எசமானரிடமோ பெற்றோரிடமோ கணவரிடமோ சொல்லாமல் நழுவி இசேவுக்குச் செல்வது நுகே-மாய்ரி. திரும்பும்போது ஒஃபுதாவைக் காட்டினால் தண்டிக்கலாகாது என்பது பொது வழக்கு. ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை இது பெருவெள்ளமாக எழுந்தது. 1705-இல் ஐம்பது நாட்களில் 36 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இசேவுக்குச் சென்றதாக அறிஞர் மொத்தோஓரி நொரிநாகா குறித்துள்ளார்; 1830-இல் எண்ணிக்கை 40 இலட்சத்தைத் தாண்டியது. நாட்டின் மொத்த மக்கள்தொகை சுமார் மூன்று கோடியாக இருந்த காலம் அது. நோயுற்ற எசமானருக்காக நாய்களும் சென்றன என்பது கேட்போரைத் திகைக்கவைக்கும், ஆனால் பதிவுகளில் உள்ள செய்தி: கழுத்தில் காசு கட்டிய நாயை வழிப்போக்கர்கள் ஊர் ஊராக உணவளித்து அழைத்துச் செல்ல, அது ஒஃபுதாவைச் சுமந்து வீடு திரும்பும். நாயும் வெறுங்கழுத்தோடு திரும்பவில்லை.

இத்தனை தூரம் வந்தபின், ஒமியாகே என்ற சொல்லும் இசேவிலிருந்தே வந்தது என்று முடிக்க மனம் விழைவது இயல்பு. அப்படி முடித்தவர்களும் உண்டு. ஆலயச் சீட்டை ஒட்டிய பலகை அல்லது பெட்டிக்கு ‘மியாகே’ என்று பெயர், அதுவே திரிந்தது என்பது அவர்கள் விளக்கம். ஆயினும் நன்கு பார்த்துத் தேர்ந்து பிறருக்கு அளிப்பது என்னும் பொருளில் ‘மியகே’ என்ற சொல்லே மூலம் என்பது மொழியறிஞரிடையே மிகுதியும் ஏற்கப்படும் கருத்து. இன்று அச்சொல்லை எழுதப் பயன்படும் ‘மண்’, ‘விளைவு’ என்னும் இரு சீன எழுத்துகளும் ஒலியோடு தொடர்பில்லாதவை. ஓர் ஊரின் விளைபொருளைக் குறித்த பழைய எழுத்துகள் பிற்காலத்தில் இச்சொல்லின்மேல் ஏற்றப்பட்டன. சொல் ஒரு வழியாகவும், எழுத்து வேறு வழியாகவும், வழக்கம் மூன்றாவது வழியாகவும் வந்து சேர்ந்திருக்கின்றன என்பதே சான்றுகள் காட்டுவது. மூன்றையும் ஒரே ஆலய வாசலில் கொண்டுபோய் நிறுத்துவது பெட்டிக்குப் பழைய ஆண்டைப் பொறிப்பது போன்ற செயலே.

ஆலயச் சீட்டின் இடத்தை இனிப்பு பிடித்த கதை இதன்பின் விரைவாகச் சொல்லக்கூடியது. 1894–95 சீனப் போரின்போது ஹிரோஷிமா படைத்தளமாக இருந்ததால், திரும்பும் வீரர்கள் வழியிலுள்ள ஒகயாமா நிலையத்தில், மொமொதாரோ என்ற நாட்டுப்புறக் கதைச் சிறுவனின் பெயரால் விற்கப்பட்ட ‘கிபிதாங்கோ’ உருண்டைகளை வாங்கிச் சென்றனர். 1886-இல் தோக்கியோ ஆசிரியப் பயிற்சிப் பள்ளி மாணவர்கள் பதினொரு நாள் சென்ற நெடுநடையில் வேர்கொண்ட பள்ளிச் சுற்றுலா, கைச்செலவுக் காசில் வீட்டாருக்கு ஒமியாகே வாங்கும் பயிற்சியைச் சிறுவயதிலேயே தருகிறது. விபத்தில் இறந்த இரயில்வே ஊழியரின் குடும்பத்தாருக்கு வாழ்வளிக்க 1932-இல் அமைக்கப்பட்ட நலச்சங்கம் நிலையங்களில் கடைகளைத் திறந்தது. 1964 அக்டோபரில் ஷின்கான்சென் அதிவேக இரயில் தோக்கியோவையும் ஓசாகாவையும் நான்கு மணி நேரத்தில் இணைத்தபின், மோச்சி கெடுவதற்குள் வீடு போய்ச் சேர்வது பெரும்பாலோருக்கு எளிதாயிற்று.

கூட்டுச்சீட்டுப் பணம் மறைந்துவிட்டது; ஆனால் விடுப்பில் சென்றவரின் வேலையை உடன் பணியாற்றுவோர் பகிர்ந்து சுமப்பது மறையவில்லை. தலைக்கு ஒன்றாக இன்றும் பங்கிடப்படும் துண்டுகளை அந்தப் பழைய கணக்கின் தொடர்ச்சியாகக் கொள்வதே பொருத்தம். சான்றாகும் தகுதியை மட்டும் பெட்டி இழந்துவிட்டது. இசே ஆலய வாசலில் 1707 முதல் விற்கப்படுவதாகச் சொல்லப்படும் ‘அகஃபுகு’, வெண்ணிற மோச்சியை இசுசு ஆற்றின் கூழாங்கல்லாகவும், மேலுள்ள செம்பயற்றுப் பூரணத்தின் மூன்று வரிகளை நீரோட்டமாகவும் உருவகித்துச் செய்யப்படுவது. அது இன்று நகோயா, ஷின்-ஓசாகா நிலையங்களிலேயே, இசே மண்ணை மிதிக்காதவருக்கும் கிடைக்கிறது. அங்கு வாங்க நினைக்கும் குடும்பத்தினர், அது கோடையில் இரண்டு நாளும் குளிர்காலத்தில் மூன்று நாளுமே தாங்கும் என்பதையும், துண்டுகள் தனித்தனி உறையில் இல்லை என்பதையும் பார்த்து, அலுவலகத்துக்கு வேறு பெட்டி எடுத்துக்கொள்வது நல்லது.