ஏரி பெற்ற ஆறு

மாசி மாதத்தில் நடவு வயல் பார்ப்பேன் என்று நான் நினைத்ததில்லை. மன்னார்குடிக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் ஊரில் அந்த மாதம் கண்ணுக்கெட்டிய தூரம் உளுந்தும் பயறும்தான். சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் இருக்கும்போதே ஈரத்தில் தெளித்துவிடுவோம். அறுத்த தாளுக்கு நடுவே அது எழுந்து வரும். ஜனவரி 28-ஆம் தேதி மேட்டூர் அணையை மூடுவது வழக்கம். கொஞ்ச நாளில் வாய்க்கால் மணலில் பிள்ளைகள் பந்தடிக்கத் தொடங்கிவிடுவார்கள். மறுபடி தண்ணீர் முகத்தைப் பார்க்க ஜூன் 12 வரவேண்டும், அதுவும் அணையில் இருப்பு இருந்தால்.

அந்தக் கணக்கோடுதான் தாம்பரத்தில் பேருந்து ஏறினேன். தம்பிக்கு ஒரகடத்தில், கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை. முடிச்சூர், மணிமங்கலம் வழியாகப் போகும் வண்டி. முடிச்சூர் வரைக்கும் வீடுகள். அப்புறம் கிடங்குகள், நீலத் தகரக் கூரைகள், வரிசையாக நிற்கும் கன்டெய்னர் லாரிகள். ஓரிடத்தில் லாரி ஒன்று விலகியதும் சாலைக்குக் கீழே பச்சை தெரிந்தது. நட்டுப் பத்து நாள்கூட ஆகாத நாற்று. வேர் பிடித்துத் தலை நிமிரும் பருவம். வரப்புக்கு வரப்பு தண்ணீர் நின்றது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தே நின்றுவிட்டேன்.

"இது என்ன பட்டம்?" என்று பக்கத்தில் இருந்த அம்மாவிடம் கேட்டேன்.

"நவரைம்மா. ஏரித் தண்ணி."

எங்களுக்குக் குறுவை, சம்பா, தாளடி. இவர்களுக்குச் சித்திரையை ஒட்டிச் சொர்ணவாரி, ஆடி ஆவணியில் சம்பா, மார்கழி தையில் நவரை. நவரை என்பது புத்தகத்தில் படித்த சொல்லாகவே எனக்குள் இருந்தது. மழை ஓய்ந்து வெயில் ஏறிக்கொண்டே போகிற மூன்று மாதத்தில், ஆறும் அணையும் இல்லாத ஊரில், நெல்லை நட்டு அறுத்துவிட முடியும் என்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை தம்பியின் வண்டியில் அந்த வயலைத் தேடிப் போனோம். ஏரிக்கரை மேல் ஏறியதும் இரண்டு பக்கமும் தெரிந்தது: இடப்புறம் மண் நிறத்தில் விரிந்த தண்ணீர், வலப்புறம் ஆள் உயரத்துக்கு மேல் தாழ்ந்து கிடக்கும் ஆயக்கட்டு, அதற்கும் அப்பால் தொழிற்சாலைச் சுவர். மதகுக்கு அருகே, தண்ணீருக்குள், இரண்டு பழைய கல்தூண்கள் நின்றன. நடுவில் துளை போட்ட குறுக்குக் கல். அந்தத் துளை வழியாகக் கழியை இறக்கி, அடியில் இருக்கும் தூம்பின் வாயை அந்தக் காலத்தில் அடைப்பார்களாம். இப்போது அதற்குப் பக்கத்தில் திருகு வைத்த இரும்புக் கதவு. மண்வெட்டியைத் தோளில் போட்டபடி பெரியவர் ஒருவர் திருகைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"எந்த ஊரும்மா?"

"மன்னார்குடிப் பக்கம் தாத்தா."

"காவேரித் தண்ணி குடிச்ச பொண்ணு. இதைப் பார்க்கவா வந்த?" என்று கேட்டாரே தவிர, அவர் முகத்தில் மகிழ்ச்சி தெரிந்தது.

அவர்தான் அந்த ஏரிக்கு நீர்க்கட்டி. எந்த வயலுக்கு எப்போது மடை திறப்பது, எப்போது அடைப்பது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. அறுவடையில் அவருக்கு நெல் அளந்துவிடுவார்கள். நவரைக்கு எவ்வளவு நடுவது என்று யார் சொல்வார்கள் என்று கேட்டேன். எங்கள் பக்கம் அணை திறப்பை அரசாங்கம் அறிவிக்க வேண்டும். அறிவிப்பு வரும்வரை வானொலி, தொலைக்காட்சி, வாட்ஸ்அப் எல்லாம் பார்த்துக்கொண்டே இருப்போம். அவர் கையை நீட்டி ஏரியைக் காட்டினார். பொங்கல் முடிந்ததும் ஆயக்கட்டுக்காரர்கள் கரையில் கூடி நின்று பார்ப்பார்கள். மிகுதி நீர் வழியும் கலங்கலைத் தட்டும் அளவுக்குத் தண்ணீர் நின்றால் கடைமடை வரை நடவு. பாதி நின்றால் மேல்மடை மட்டும். அதற்கும் குறைந்தால் நவரையே கிடையாது. "இருக்கிறதைப் பார்த்துத்தான் நடணும். நட்டுட்டு வானத்தைப் பார்க்கக் கூடாது."

தண்ணீரை முறை வைத்துப் பிரிக்கிறார்கள். எங்கள் ஊர்க் கடைமடைச் சண்டைகளில் வளர்ந்தவள் நான். அங்கே கண்ணுக்குத் தெரியாத மேட்டூரோடு சண்டை. இங்கே மொத்த இருப்பும் எல்லார் கண் முன்னாலும் கிடக்கிறது. ஒருவன் கூடுதலாகப் பாய்ச்சினால் ஏரி இறங்குவது ஊருக்கே தெரியும். அந்தப் பகிரங்கம் எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

ஏரிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு அவர் மேற்கே கை காட்டினார். "மேல் ஏரி கலங்கல் போனா எங்களுக்கு வரத்து. எங்க கலங்கல் போனா கீழ் ஏரிக்கு வரத்து." காஞ்சிபுரம், செங்கல்பட்டு இரண்டு மாவட்டங்களிலும் நீர்வளத் துறைக் கணக்கில் இருக்கிற பெரிய ஏரிகள் மட்டும் 909. தனித்தனிக் குளங்களாக இவற்றை நினைத்திருந்தேன். ஒன்றின் மிச்சம் அடுத்ததன் வரவாக, சரிவையொட்டிக் கால்வாயால் கோத்துவிட்ட சங்கிலி இது. ஸ்ரீபெரும்புதூர் ஏரியும் பிள்ளைப்பாக்கம் ஏரியும் நிரம்பினால் செம்பரம்பாக்கத்துக்குப் போகிறது. ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்கே மேற்கிலிருந்து பாலாற்று நீரைக் கொண்டுவரக் கம்பன் கால்வாய் இருக்கிறது. பல்லவன் கம்பவர்மன் வெட்டியது என்பது வழிவழியாக வரும் பேச்சு.

இதைவிட முந்திய சான்று ஒன்று உண்டு. காஞ்சிபுரத்துக்கு வடக்கே கூரம் என்ற ஊரில் கிடைத்த செப்பேடு, முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தது, ஏழாம் நூற்றாண்டின் பின்பாதி. பரமேசுவரத் தடாகம் என்ற ஏரியையும், பாலாற்றிலிருந்து அதற்கு வெட்டிய பெரும்பிடுகுக் கால்வாயையும் அது குறிக்கிறது. இரண்டாம் புலிகேசியை நரசிம்மவர்மன் வென்ற களங்களில் ஒன்றாக மணிமங்கலத்தின் பெயரைச் சொல்வதும் அதே செப்பேடுதான். போரையும் வாய்க்காலையும் ஒரே ஏட்டில் எழுதி வைத்தவர்களை நினைத்துக்கொண்டேன். எதிரியைத் துரத்துவது எவ்வளவு பெரிய காரியமோ, ஆற்றைத் திருப்பி ஏரியில் விடுவதும் அவர்களுக்கு அவ்வளவு பெரிய காரியமாக இருந்திருக்க வேண்டும். (மணிமங்கலத்திலும் ஒரு ராஜகோபாலப் பெருமாள் இருக்கிறார். மன்னார்குடிக்காரிக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? போய்க் கும்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.)

உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றிப் பள்ளியில் குடவோலை என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். 919, 921 ஆண்டுகளில் பராந்தகன் காலத்தில் வெட்டியது அது. அந்தக் குடத்துச் சீட்டில் ஏரி வாரியத்துக்கென்றே ஆறு பேரைத் தேர்ந்தார்கள் என்பது என் மனத்தில் பதிந்ததே இல்லை. கரையில் நின்று பெரியவரின் கையில் இருந்த மண்வெட்டியைப் பார்த்தபோதுதான் அந்த ஆறு பேருக்கு வருடம் முழுக்க என்ன வேலை இருந்திருக்கும் என்பது விளங்கியது.

எங்களோடு கிளம்பி வந்த பெரியவர், திரும்பும் வழியில் ஒரு சாலையோரத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னார். தார்ச் சாலைக்கு அடியில் ஒரு சிமென்ட் குழாய். ஒரு பக்கம் பிளாஸ்டிக்கும் மண்ணும் அடைத்திருந்தது. "இதுதான் வரத்துக் கால்வாய். நான் சின்னப் பையனா இருந்தப்போ மாடு இறங்கி நீந்தும்." இப்போது அந்தக் குழாய் வழியாக ஓர் ஆள் குனிந்துகூடப் போக முடியாது.

1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் ஹூண்டாய் கார் வெளிவந்தது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறந்தது. அதன் பின் நிலம் வேகமாக மாறியது. இதை நான் குறையாகச் சொல்ல வரவில்லை. தம்பியின் சம்பளத்தில்தான் எங்கள் வீட்டுக் கூட்டுறவுக் கடன் அடைந்தது. என் கவலை அந்தக் குழாயைப் பற்றியது. ஏரியை வேலி போட்டுக் காப்பாற்றலாம், 2017-இல் தொடங்கிய குடிமராமத்து போல மறுபடி மறுபடி தூர் வாரலாம். மேலிருந்து வரும் கால்வாய் செத்துவிட்டால் ஏரி ஆழமான பள்ளம், அவ்வளவுதான். கீழே நடுகிறவர் இல்லாமல் போனால் மதகைத் திறக்க ஆளிருக்காது. திறக்காத கதவு துருப்பிடிக்கும். மழைக்காலத்திலோ போக வழியில்லாத அதே தண்ணீர் வீட்டுக்குள் வரும். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை நாடே பார்த்தது. தொழிற்சாலை வரைபடத்தில் மின்கம்பியும் எரிவாயுக் குழாயும் எப்படித் தவறாமல் இடம்பெறுகின்றனவோ, அப்படி ஒவ்வொரு வரத்துக் கால்வாயும் அதன் பழைய அகலத்தோடு இடம்பெற வேண்டும் என்று உரிமையோடு கேட்கிறேன்.

முடிச்சூர் பேச்சு வந்ததும் தம்பிதான் சொன்னான்: "அக்கா, அடையாறு இங்கேதான் புறப்படுது." மணிமங்கலத்தையொட்டிய மலைப்பட்டு ஏரியிலிருந்து. சென்னையில் திரு.வி.க. பாலத்தின் மேல் நின்று நான் பார்த்த அந்த அகன்ற ஆறு, இந்த ஏரிகளின் கலங்கலில் வழிந்த மிச்சம். ஆறுதான் குளத்தையும் வாய்க்காலையும் பெறும் என்று நம்பி வளர்ந்த எனக்கு, ஏரி பெற்ற ஆற்றைக் கண்டது இந்தப் பயணத்தின் பெரிய வியப்பு.

மாலையில் மறுபடி வயலுக்கு வந்தோம். காலையில் திறந்த தண்ணீர் அப்போதுதான் கடைசி மடையைத் தொட்டது. வெடித்த மண்ணில் நுரை கட்டிக்கொண்டு நகர்ந்து, நாற்றின் காலடியில் நின்றது. என்ன ரகம் என்று கேட்டேன். "ஆடுதுறை 37. குண்டு." கும்பகோணத்துக்குப் பக்கத்தில், எங்கள் பக்கத்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவான நெல்!

அங்கிருந்தே அப்பாவுக்குப் போன் செய்தேன். மாசியில் நடவு என்றதும் முதலில் நம்பவில்லை. ரகத்தைச் சொன்னதும் சிரித்தார். பிறகு விவசாயி கேட்கும் கேள்வியைக் கேட்டார்: "தண்ணி எத்தனை நாளைக்கு நிக்கும்?"

பெரியவரிடம் போனைக் கொடுத்தேன்.

"பங்குனி கடைசி வரைக்கும் தாங்கும் ஐயா," என்றார் அவர், ஏரியைப் பார்த்துக்கொண்டே. "அளந்துதான் நட்டிருக்கோம்."