நள்ளிரவிலும் இறங்காத கார்டிசால்

செவ்வாய்

பின்னிரவு இரண்டரைக்கு அக்கா எழுந்துவிட்டாள். சர்க்கரை ஏறியிருப்பதால் சிறுநீர் கழிக்க அடிக்கடி எழ வேண்டியிருக்கிறது. எழுந்தால் அதோடு தூக்கம் போச்சு. பகலெல்லாம் சோர்ந்து கிடக்கிறாள். மாடிப்படி ஏறத் தொடையில் பலமில்லை. இருட்டியதும் மூளை மட்டும் விழித்துக்கொள்கிறது. "நீ போய்ப் படுடி, நாளைக்கு வேலைக்குப் போகணும்ல" என்று என்னை விரட்டுகிறாள்.

வருகிறவர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "மனசுல எதையும் போட்டுக்காத, தூக்கம் தானா வரும்." கேட்கக் கேட்க எனக்குக் கோபம் வருகிறது. முன்பு காட்டிய ஓர் இடத்தில் தூக்க மாத்திரை மட்டும் எழுதித் தந்து அனுப்பினார்கள். உருண்டுபோன முகத்தை அங்கே யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வெள்ளி

ஹார்மோன் டாக்டர் பார்த்தார். லேசாக இடித்தாலே கன்றிப்போகும் கைகள், வயிற்றில் அகலமான ஊதாக் கோடுகள், பிடரியில் திரண்ட கொழுப்பு எல்லாவற்றையும் கவனித்தார். ஆனால் அவர் முதலில் விசாரித்தது மருந்துகளைத்தான். மூட்டுவலிக்கோ மூச்சிரைப்புக்கோ ஏதாவது சாப்பிட்டாளா, தோலுக்குக் களிம்பு பூசினாளா, பெயர் ஒட்டாத பொடி ஏதும் உண்டா? கார்டிசால் என்ற ஹார்மோன் மிகுதியால் வரும் இந்தக் குஷிங் கோளாறுக்கு மிகப் பரவலான காரணம், மருந்தாக உள்ளே போகும் ஸ்டீராய்டுதானாம். சீட்டில்லாமல் மெடிக்கல் ஷாப்பில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் பிரெட்னிசலோனும் டெக்சாமெத்தசோனும் இதில் சேர்த்தி. அதற்காகப் பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்திவிடவும் கூடாது. அதற்குள் அட்ரீனல் சுரப்பி கார்டிசால் சுரக்கும் தன் வேலையை மறந்திருக்கும், உயிருக்கே ஆபத்தாகலாம்.

அக்கா அப்படி எதுவும் சாப்பிட்டதில்லை. அப்படியென்றால் கார்டிசால் மிகுதியாகச் சுரப்பது உடம்புக்குள்ளேயேதான்.

சனி, இரவு 11

பஞ்சை வாயில் ஊறவைத்து உமிழ்நீர் எடுத்து முடித்தோம். ஏன் இந்த நேரம்? கார்டிசால் விடியற்காலையில் ஏறி, நாம் எழும் நேரத்தை ஒட்டி உச்சத்தைத் தொடும். பிறகு படிப்படியாக இறங்கி, நள்ளிரவை ஒட்டி மிகக் குறைவாக இருக்கும். மூளை அலைகள் மெதுவாகும் ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் வருவது அந்த இறக்கத்தின் போதுதான். குஷிங் கோளாறில் அந்த இறக்கமே இல்லை. படுத்தாலும் ஆழம் கிடைக்காது, துண்டு துண்டாகத்தான் தூக்கம். இரவில் எடுக்கும் இந்தச் சில துளிகளே நோயைக் காட்டிக்கொடுத்துவிடும் என்றால், அக்காவின் விழிப்பை மனக்கவலை என்று ஒதுக்கியது எத்தனை அநியாயம்!

ஹார்வி குஷிங் என்ற அமெரிக்க மூளை அறுவை மருத்துவர் 1932இல் மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியின் கட்டியோடு இந்த நோயை இணைத்து எழுதினார். கார்டிசாலை அப்போது யாரும் பிரித்தெடுத்திருக்கவில்லை. நோயாளியின் உடம்பை உற்றுப் பார்த்தே அதைச் சொல்லிவிட்டார் மனிதர்.

பல வாரங்கள் கழித்து ஒரு ஞாயிறு, அறுவை முடிந்த பிறகு

நள்ளிரவுக் கார்டிசால் கூடுதல். பிட்யூட்டரியில் சின்னக் கட்டி. மூக்கு வழியாக எடுத்துவிட்டார்கள். இனிமேல் எல்லாம் சரியாகிவிடும் என்று வீட்டில் ஒரே கொண்டாட்டம். அக்காவுக்கோ எதிர்த்திசையில் அவதி: கார்டிசால் சட்டென்று விழுந்துவிட்டது. மூட்டெல்லாம் வலி, நாள் முழுக்க அசதி. சொந்தச் சுரப்பு திரும்பும்வரை, பல மாதங்கள்கூட ஆகலாம், ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை வேண்டும். பெரிய பங்கு எழுந்தவுடன், மீதி பகலிலேயே. நேரம் கழித்து விழுங்கினால் அதுவே தூக்கத்தைக் கெடுக்கும். வேளை தவறாமல் எடுத்துக் கொடுப்பது என் பொறுப்பு.

வியாழன்

இப்போது விடாமல் நாலு மணி நேரம் தூங்குகிறாள். அதைப் பார்த்து எனக்கு அழுகையே வந்தது. ஆனாலும் குறட்டை நிற்கவில்லை. கழுத்திலும் வயிற்றிலும் சேர்ந்த கொழுப்பால் தூக்கத்தில் மூச்சு அடைபடுகிறதா என்று பார்க்க வேண்டுமாம். அடுத்த வாரம் உடம்பில் ஒயர்களை ஒட்டிக்கொண்டு ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும். "அங்க தூக்கம் வரலன்னா என்னடி பண்றது?" என்றாள். டாக்டரிடம் கேட்டுவிட்டேன்: சில மணி நேரம் கண் அயர்ந்தாலே போதும்.