சார்ஜ் நிற்குமா?

செங்கல்பட்டு ஜி.எஸ்.டி. சாலையில் பேட்டரிக் கடைகளுக்கு லாரி வரும், டிராக்டர் வரும், வீட்டு இன்வெர்ட்டர் வரும். படகு வேலை எப்போதாவதுதான். நான் போய் உட்கார்ந்த கடையில் அப்படி ஒன்று காத்திருந்தது. முட்டுக்காடு உப்பங்கழியில் சின்ன ஃபைபர் படகில் தூண்டில் போடுகிற ஒருவர், 12 வோல்ட் மின்மோட்டார் வாங்கி, கைவசம் இருந்த கார் பேட்டரியை மாட்டி ஓட்டியிருக்கிறார். சில மாதங்களில் அது படுத்துவிட்டது.

"கார் பேட்டரி ஒரு உதை விட்டா போதும் சார், மீதிய டைனமோ பாத்துக்கும். அதப்போய் மணிக்கணக்கா இழுக்கச் சொன்னா?" என்றார் மெக்கானிக். முப்பது வருடத்துக்கு மேல் ஆசிட் பட்ட விரல்கள். நுனியில் ரேகையே தெரியவில்லை. கார் பேட்டரிக்குள் மெல்லிய தட்டுகள் நிறைய இருக்கும். ஒரு நொடிக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்ட அதுதான் வசதி. ஆனால் முழுக்க இறக்கி ஏற்றினால் தட்டின் மேல்பூச்சு உதிர்ந்து அடியில் படியும். படகு மோட்டாருக்கு நிதானமாக, நெடுநேரம் கொடுக்கிற பேட்டரி வேண்டும். தமிழ்நாட்டில் அது சுலபமாகக் கிடைக்கிறது: மின்வெட்டுக் காலத்தில் வீடுவீடாகப் புகுந்த இன்வெர்ட்டர் டியூபுலர்தான். வில்லங்கம் எடை. 150 ஏ.ஹெச். (ஆம்பியர்-மணி) டியூபுலர் ஐம்பது கிலோவைத் தாண்டும். சின்னப் படகில் அதை எங்கே வைக்கிறோம் என்பதே தனி வேலை; பின்னால் வைத்தால் மூக்கு தூக்கிக்கொள்ளும்.

ஏ.ஹெச். கணக்கில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். இங்கே பேட்டரியின் மேல் அச்சிடும் எண் பெரும்பாலும் 20 மணி நேரக் கணக்கு. 100 ஏ.ஹெச். என்றால் 5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம். 55 பவுண்டு உந்துவிசையுள்ள மோட்டார் முழு வேகத்தில் 50 ஆம்பியர் வரை இழுக்கும். அந்த வேகத்தில் ஈய பேட்டரி 2 மணி நேரம் தராது; பாதிக்கு மேல் இறக்கக்கூடாது என்ற விதியையும் சேர்த்தால் அரை மணியை ஒட்டித்தான். வேகத்தைக் குறைத்தால் கதையே வேறு. தண்ணீரில் வேகம் பாதியானால் அதற்கு வேண்டிய சக்தி ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிவிடும். ஆனால் ஐந்து படி சுவிட்ச் வைத்த மலிவு மோட்டார்கள் குறைந்த வேகத்தில் கம்பிச்சுருளைச் சூடாக்கியே மின்சாரத்தைத் தின்னும். வேகத்தைச் சீராகத் திருகிக் கூட்டுகிற வகைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம். அந்தப் பணம் பேட்டரியில் திரும்பி வரும்.

அன்று அதிக நேரம் பேசியது சார்ஜ் ஏற்றுவதைப் பற்றித்தான். அவர் ஹைட்ரோமீட்டரை ஒவ்வொரு செல்லிலும் விட்டு உறிஞ்சிக் காட்டினார். டியூபுலரில் ஆசிட் அடர்த்தி 1240-ஐ ஒட்டி நின்றால் நிறைவு. 1150-க்கு இறங்கினால் காலி நெருங்கிவிட்டது. ஐந்து செல் சமமாக இருந்து ஒன்று மட்டும் கீழே கிடந்தால் அந்த பேட்டரியின் கதை முடிந்தது. "ஓட்டி முடிச்சதும் அன்னிக்கு ராத்திரியே ஏத்தணும். ஞாயித்துக்கிழம ஓட்டிட்டு அடுத்த சனிக்கிழம ஏத்தறாங்க. அதுக்குள்ள தட்டு வெள்ளையாப் பூத்துடும்." காலியாகக் கிடக்கும் தட்டில் ஈய சல்பேட் இறுகிப்போவதைத்தான் சொல்கிறார். 150 ஏ.ஹெச்.சுக்கு 15 ஆம்பியர், அதாவது பத்தில் ஒரு பங்கு, நல்ல அளவு. இரவு முழுக்க ஆகும். பழைய டிரான்ஸ்பார்மர் சார்ஜரில் போட்டுத் தூங்கிவிட்டால் ஆசிட் கொதித்துத் தண்ணீர் வற்றும். 25 டிகிரியில் 14.4 வோல்ட் சரி. நம் மே மாத வெயிலில் அதைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும் என்பதால் மூடிய அறையும் பீடியும் ஆகாது.

அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் கடற்கரைக்குப் போனேன். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் கட்டுமரம் குறைந்து ஃபைபர் படகு பெருகியது. மின்மோட்டார் என்றதும் வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்த பெரியவர் சிரித்தார். "இந்த அலையத் தாண்டவே பத்து எச்.பி. வேணும் தம்பி." அவர் சொல்வது நியாயம். 12 வோல்ட்டில் 50 ஆம்பியர் என்றால் 600 வாட். ஒரு குதிரைத்திறன்கூட இல்லை. அது கழிக்கும் ஏரிக்கும் உரியது, கடலுக்கல்ல. பேட்டரி இந்த மீனவர்களிடமும் உண்டு, ஜி.பி.எஸ்.சுக்கும் இரவு விளக்குக்கும். கரைக்கு வந்ததும் அதைக் கையோடு வீட்டுக்குத் தூக்கிப் போகிறார்கள். ஈய பேட்டரிக்குள் கடல்நீர் புகுந்தால் குளோரின் வாயு கிளம்பும் என்பதால் அது நல்ல பழக்கம். டெர்மினலில் தடித்துப் பூசியிருந்த வாசலினைப் பார்த்தபோது, செங்கல்பட்டு மெக்கானிக் இவர்களுக்குச் சொல்லித்தர ஒன்றுமில்லை என்று தோன்றியது.

லித்தியம் எல்லாவற்றையும் மாற்றிவிட்டது என்பவர்கள் கேரளத்தின் வைக்கத்தைக் காட்டுவார்கள். 2017-லிருந்து அங்கே வேம்பநாட்டுக் காயலில் ஓடும் ஆதித்யா சூரியசக்திப் படகு லித்தியம் பேட்டரியில்தான் 75 பேரை ஏற்றிப் போகிறது. சின்னப் படகுக்கும் நான் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பக்கம்தான். 100 ஏ.ஹெச். சுமார் பன்னிரண்டு கிலோதான். எண்பது சதவீதத்துக்கு மேல் தைரியமாக இறக்கலாம். ஆனால் அதற்கென்றே உள்ள சார்ஜர் வேண்டும். வோல்ட்டைப் பார்த்து மிச்சத்தைச் சொல்ல முடியாது, கடைசி வரை ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். பிறகு உள்ளே இருக்கும் பி.எம்.எஸ். என்ற காவல் சுற்று சொல்லாமல் கொள்ளாமல் துண்டித்துவிடும். வத்தம் (இறங்கும் ஓதம்) இழுக்கும்போது முட்டுக்காடு முகத்துவாரத்தருகே அப்படி நின்றால் கடல் பக்கம்தான் போவீர்கள். ஆம்பியரை எண்ணும் மீட்டர் ஒன்று பொருத்துங்கள், துடுப்பில்லாமல் இறங்காதீர்கள்.

பழைய ஈய பேட்டரியைக் காயலான் கடையில் போட வேண்டாம். 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகள் அதைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் வைத்திருக்கின்றன. புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்தால் விலையிலும் கழித்துக்கொள்வார்கள்.